சதுப்புப் பகோடா

சதுப்புப் பகோடா (மிமெட்டிசு இர்ட்டசு) என்பது தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் மாகாணத்தில் மட்டும் இயற்கையாக வளரும், என்றும் பசுமையான புதர்ச்செடி ஆகும். இது புரோட்டியேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. கடலோர ஈரநிலங்கள் சுருங்கி வருவதால் இது அழிவாய்ப்பு இனமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. நீர், பறவை, எறும்பு, தீ ஆகிய நான்கையும் நம்பி வாழும் செடி இது. இவற்றுள் ஒன்று தவறினாலும் அடுத்த தலைமுறை உருவாவது கடினமாகிறது.

பெயர்

அடுக்கடுக்காக அமைந்த இதன் பூங்கொத்து கீழை நாடுகளின் பௌத்தக் கோபுரங்களை ஒத்திருப்பதால் 'பகோடா' என்ற பெயர் ஏற்பட்டது. 'இர்ட்டசு' என்னும் இலத்தீன் சொல்லுக்கு மயிர் அடர்ந்தது என்பது பொருள்.

தோற்றம்

இச்செடி ஏறத்தாழ 1.5 முதல் 2 மீட்டர் உயரம் வரை நிமிர்ந்து வளரும். ஈட்டி வடிவ இலைகள் தண்டின்மேல் ஒன்றையொன்று தழுவியவாறு அமைந்துள்ளன. பூக்களைச் சூழ்ந்துள்ள மஞ்சள் நிறச் செதில்களின் நுனி சிவப்பாக இருக்கும். அவற்றிலிருந்து சிவந்த சூல்தண்டுகளும் பட்டுப்போன்ற வெண்மயிர்களும் வெளியே நீண்டிருக்கும். பூங்கொத்தின் உச்சியில் அன்னாசிப்பழத்தின் கொண்டையைப் போன்ற இலைக்கற்றை காணப்படும்.

வாழிடம்

கேப் தீபகற்பத்திலிருந்து அகுலாசு சமவெளி வரையுள்ள கடலோரப் பகுதியில் இது காணப்படுகிறது. மலையடிவாரங்களில் நீர் கசிந்து தேங்கும், மட்கு நிறைந்த அமில மண்ணே இதற்கு ஏற்றது. இப்பகுதி 'ஃபின்பாசு' எனப்படும் புதர்க்காட்டு வகையைச் சேர்ந்தது. இங்குக் குளிர்காலத்தில் மழை பெய்கிறது, கோடை வறண்டது. கோடையிலும் ஈரம் வற்றாத இடங்கள் குறைவு என்பதால் இச்செடி தொடர்ச்சியாகப் பரவாமல் சிறு கூட்டங்களாகச் சிதறியே வாழ்கிறது.

இனப்பெருக்கம்

பூக்கள் பெரும்பாலும் சூலை, ஆகசுட்டு மாதங்களில், அதாவது அங்குக் குளிர்காலத்தில் மலர்கின்றன. தேன்சிட்டு போன்ற பறவைகள் தேனுக்காக வரும்போது மகரந்தச் சேர்க்கை நிகழ்கிறது.

முதிர்ந்த விதைகள் தரையில் உதிர்கின்றன. விதையின்மேல் எறும்புகளை ஈர்க்கும் சதைப்பற்றான பகுதி ஒன்று உண்டு. எறும்புகள் விதையைப் புற்றுக்குள் இழுத்துச் சென்று அப்பகுதியை மட்டும் உண்கின்றன. எஞ்சிய விதை வழவழப்பாக இருப்பதால் அதை மீண்டும் வெளியேற்ற அவற்றால் இயலுவதில்லை. இவ்வாறு மண்ணுக்குள் புதையும் விதை எலிகளிடமிருந்தும் தீயிலிருந்தும் தப்புகிறது. காட்டுத்தீயில் தாய்ச்செடி இறந்துவிடும். அதன்பின் மண்ணில் உறங்கிய விதைகள் முளைக்கின்றன.

அச்சுறுத்தல்கள்

* கடலோரக் குடியிருப்புகளுக்காகவும் வேளாண்மைக்காகவும் ஈரநிலங்கள் வடிக்கப்படுதல்.
* ஆத்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட வேல மரங்கள் பரவி நிலத்தடி நீரை உறிஞ்சுதல்.
* தீயின் இடைவெளி மாறுதல். அடிக்கடி தீ ஏற்பட்டால் இளஞ்செடிகள் விதை உண்டாக்கும் முன்பே கருகிவிடும். நெடுங்காலம் தீ ஏற்படாவிட்டால் செடிகள் முதுமையடைந்து மடியும். மண்ணிலுள்ள விதைகளும் குறையும்.
* தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அர்ச்சென்டினா எறும்பு பரவுதல். இவ்வெறும்பு உள்ளூர் எறும்புகளை விரட்டிவிடுகிறது. ஆனால் விதைகளைப் புதைப்பதில்லை. சதைப்பகுதியைத் தின்றுவிட்டு விதையை மண்ணின் மேலேயே விட்டுவிடுகிறது.

இவ்வெறும்பின் விளைவை வில்லியம் பாண்டு, பீட்டர் சிலிங்சுபி ஆகியோர் 1984 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டுகிறது. இப்பேரினத்தின் மற்றோர் இனமான மிமெட்டிசு குக்குல்லேட்டசின் விதைகளை அவர்கள் ஆராய்ந்தனர். அர்ச்சென்டினா எறும்பு இல்லாத இடங்களில் 35.3 விழுக்காடு விதைகள் முளைத்தன. அது பரவிய இடங்களில் 0.7 விழுக்காடு மட்டுமே முளைத்தன.

பாதுகாப்பு

இச்செடி வளரும் நிலப்பரப்பில் சில பகுதிகள் மேசை மலைத் தேசியப் பூங்கா, அகுலாசு தேசியப் பூங்கா, கோகெல்பர்கு உயிர்க்கோளக் காப்பகம் ஆகியவற்றுள் அடங்குகின்றன. கேப் மலர்ப் பிரதேசத்தின் காப்பகங்கள் 2004 ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன. எனினும், காப்பக எல்லைக்கு வெளியே தோண்டப்படும் வடிகால் உள்ளிருக்கும் சதுப்பையும் வற்றச் செய்யக்கூடும். அயல் எறும்புகளை வேலி தடுப்பதில்லை. ஆகையால் நிலத்தை ஒதுக்குவதுடன் நீரோட்டத்தைப் பேணுதல், அயல் மரங்களை அகற்றுதல், தகுந்த இடைவெளியில் தீயை அனுமதித்தல் ஆகியவையும் இதன் பாதுகாப்பிற்கு இன்றியமையாதவை.