ஊர்கூடிப் படித்த கதை – 9: சாவி யாரிடம் இருக்கிறது?

2023 அக்டோபர் 31-ஆம் தேதி யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் 55 புதிய ஊர்களைச் சேர்த்தது. அதில் கோழிக்கோடு 'இலக்கிய நகரம்' என்ற பெயரைப் பெற்றது. இந்தியாவில் அந்தப் பெயர் கிடைத்த முதல் ஊர் அதுதான். செய்தி வந்ததும் எல்லாரும் ஒரே காரணத்தைச் சொன்னார்கள். எஸ்.கே. பொற்றேக்காட் அந்த ஊர்க்காரர், பேப்பூரில் பஷீர் வாழ்ந்தார், எம்.டி. வாசுதேவன் நாயர் அப்போது அங்கேயே இருந்தார், 'மாத்ருபூமி' 1923 முதல் அங்கிருந்து வருகிறது, பிறகென்ன என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரிய எழுத்தாளர்கள் இருப்பதுதான் கணக்கென்றால் கொல்கத்தாவை விட்டுவிட்டு வரிசை எப்படித் தொடங்கும்? கேரளத்துக்குள்ளேயே பார்த்தாலும், சாகித்ய அகாதெமி திருச்சூரில் இருக்கிறது. எழுத்தாளர்களே சேர்ந்து நடத்திய பதிப்பகக் கூட்டுறவுச் சங்கம் 1945-இல் தோன்றியது கோட்டயத்தில். கோழிக்கோட்டைப் பற்றிய செய்திகளில் திரும்பத் திரும்ப வந்த எண் வேறொன்று: 500-க்கும் மேற்பட்ட நூலகங்கள். அவற்றில் பெரும்பாலானவை அரசு கட்டி அரசு பூட்டும் நூலகங்கள் அல்ல, ஊர்க்காரர்கள் சந்தா போட்டு நடத்துகிறவை. ஒரு நகரத்தின் இலக்கிய வாழ்க்கை நிலைக்குமா என்பதை அங்கே பிறந்த மேதைகளைவிட அதிகமாகத் தீர்மானிப்பது, கூடிப் பேசும் அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே. இந்த வாரம் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் அந்த அறை எப்படி இயங்குகிறது என்று பார்க்க வேண்டும். கோழிக்கோட்டின் குதிரவட்டத்தில் 1937-இல் தொடங்கிய தேசபோஷிணி போன்ற ஒரு வாசகசாலையை எடுத்துக்கொள்ளலாம். (நடிகர் குதிரவட்டம் பப்புவின் பெயரில் ஒட்டியிருக்கும் அதே குதிரவட்டம்.) இப்படிப்பட்ட இடங்களில் ஒரு பக்கம் நாளிதழ்கள் விரித்த மேசை, இன்னொரு பக்கம் புத்தக அலமாரி, அதோடு சேர்ந்து ஒரு கலாசமிதி. நாடக ஒத்திகை, பாட்டு, கேரம், சில இடங்களில் கால்பந்து அணிகூட உண்டு. உறுப்பினர்கள் சந்தா கட்டுகிறார்கள், ஆண்டுக்கொரு முறை பொதுக்குழு கூடுகிறது, தலைவரையும் செயலாளரையும் கை தூக்கித் தேர்ந்தெடுக்கிறது, வரவு செலவைப் படித்து ஒப்புதல் வாங்குகிறது. ஆண்டு விழாவில் குழந்தைகளின் நடனமும் பெரியவர்களின் நாடகமும் இருக்கும், ஒரு எழுத்தாளரின் பேச்சும் இருக்கும். இந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன். இலக்கியத்துக்கென்று தனியாக ஒரு கூட்டம் போட்டு நாற்பது நாற்காலியை நிரப்ப முடியாமல் திணறும் அமைப்பல்ல இது. பேப்பர் படிக்க வந்தவர், ஒத்திகைக்கு வந்தவர், சும்மா வந்தவர் எல்லாரும் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். எழுத்தாளர் அவர்களிடம் வந்து பேசிவிட்டுப் போகிறார்.

"கேரளத்தில் சட்டம் அப்படி, நம் சட்டம் வேறு" என்று யாரும் சொல்லத் தொடங்குமுன் ஒன்றை நினைவூட்ட வேண்டும். எஸ்.ஆர். ரங்கநாதன் பாடுபட்டுக் கொண்டுவந்த 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. அது நிறைவேறியபோது மலபார் மாவட்டம் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. கோழிக்கோட்டுக்கும் கோயமுத்தூருக்கும் ஒரே சட்டம், ஒரே நூலக வரி, ஒரே மாதிரியான ஆணைக்குழு. 1956-இல் கேரளம் தனியான பிறகும் மலபாரில் அந்தச் சட்டமே நீடித்தது. 1989-இல் கேரளம் தனக்கென்று ஒரு நூலகச் சட்டம் செய்தபோதுதான் அது விலகியது. ஆக ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இரண்டு ஊர்களும் ஒரே சட்டத்தின் கீழ் இருந்தன. ஒரு பக்கம் நூலகம் என்றால் அரசுக் கட்டடம், அரசு ஊழியர், அரசு நேரம் என்று ஆனது. மறுபக்கம் அந்தச் சட்டத்துக்கு வெளியே, 1937-இலேயே மலபார் வாசகசாலைச் சங்கம் என்று கூட்டமைப்பு கண்டிருந்த உறுப்பினர் வாசகசாலைகள் தம் போக்கில் வளர்ந்தன. சட்டம் ஒன்றாக இருந்தும் விளைவு இரண்டாக இருந்தால் காரணத்தைச் சட்டத்தில் தேடிப் பயனில்லை.

தெற்கே திருவிதாங்கூரில் இந்தப் பாடம் இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. பி.என். பணிக்கர் 1945-இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டித் தொடங்கிய கிரந்தசாலைச் சங்கம் பிறகு கேரளம் முழுக்கப் பரவியது. 1975-இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா விருதும் அதற்குக் கிடைத்தது. இரண்டே ஆண்டில், 1977-இல், அரசு அந்தச் சங்கத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. பணிக்கர் வெளியேறி எழுத்தறிவுப் பணிக்குப் போனார். மக்கள் நடத்துவதை அரசு எடுத்து நடத்தினால் இன்னும் சிறக்கும் என்ற நம்பிக்கை எவ்வளவு நாள் தாங்கியது? 1989 சட்டம் மறுபடி தேர்தலையே கொண்டுவந்தது. வாசகசாலைகள் வாக்களித்து வட்ட, மாவட்ட, மாநில நூலக மன்றங்களை அமைக்கின்றன. கட்டட வரியில் ரூபாய்க்கு ஐந்து காசு நூலக வரியாக வசூலாகிறது. புத்தகம் வாங்க மானியமும் நூலகருக்குச் சிறு தொகையும் அங்கிருந்து போகின்றன. பணம் அரசிடமிருந்து, பொறுப்பு உறுப்பினரிடம். கேரளத்தில் இன்று 8,000-க்கும் மேற்பட்ட நூலகங்கள் இந்த ஏற்பாட்டில் இயங்குகின்றன.

இலக்கியக் குழு என்றால் புத்தகம் மட்டும்தானா? கோழிக்கோட்டின் நாடகத்தையும் இசையையும் பார்த்தால் இந்த வாதம் இன்னும் வலுப்படுகிறது. கே.டி. முகம்மது தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதியவர். அவருடைய நாடகங்களை மேடையேற்றிய பிரதர்ஸ் மியூசிக் கிளப் பெயரில் இசைக் குழு, செயலில் நாடகக் குழு. திரை இசையமைப்பாளராகப் பிறகு பேர் வாங்கிய பாபுராஜ், சிறுவனாகத் தெருவில் பாடிக்கொண்டிருந்தபோது அவரை ஆதரித்தவர் ஒரு போலீஸ்காரர். சரக்குக் கடைகளின் மாடி அறைகளில், மூட்டை தூக்கி முடித்தவர்களும் வியாபாரிகளும் ஒன்றாக உட்கார்ந்து கஜல் கேட்ட இரவுகள் அந்த ஊருக்கு உண்டு. 1950-இல் அங்கே வானொலி நிலையம் வந்தபோது எழுத்தாளர்கள் உரூபும் திக்கோடியனும், பாடலாசிரியர் பி. பாஸ்கரனும், இசையமைப்பாளர் கே. ராகவனும் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். நிலையம் அவர்களைக் கலைஞர்களாக்கியது என்பதைவிட, கலாசமிதிகளும் நாடகக் குழுக்களும் பழக்கி வைத்திருந்த நடிகர்களையும் பாடகர்களையும் வானொலிக்குக் கூட்டிவந்தார்கள் என்பதே பொருத்தம். எளிய வேலை பார்ப்பவருக்கு மாலையில் போய் உட்கார ஓர் இடம் இருந்தது. அந்த இடத்துக்கு வாடகை கேட்டு யாரும் கதவைத் தட்டவில்லை.

இதற்கு நேர்மாறான சாட்சியும் அதே ஊரில் கிடைக்கிறது. தமிழில் 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாம் 1984-இல் நண்பர்களோடு சேர்ந்து ஒடேசா என்ற மக்கள் திரைப்பட இயக்கத்தைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய்ச் சாப்ளினின் 'தி கிட்' படத்தைத் திரையிட்டு, கையேந்திச் சில்லறை திரட்டி, அந்தப் பணத்தில் 1986-இல் 'அம்ம அறியான்' படத்தை முடித்தார்கள். தயாரிப்பாளர் இல்லாமல் மக்களே முதல் போட்ட படம் என்பதால் இன்றும் அதைப் பேசுகிறார்கள், பேசத்தான் வேண்டும். ஆனால் 1987 மே 31 அன்று கோழிக்கோட்டிலேயே ஒரு கட்டடத்திலிருந்து விழுந்து ஜான் இறந்தார். அதன் பிறகு ஒடேசாவின் பெயரில் ஆவணப்படங்கள் வந்தன, அப்படியொரு மக்கள் முதலீட்டுக் கதைப்படம் மறுபடி வரவில்லை. ஒடேசாவில் இருந்த தீவிரம் எந்த வாசகசாலையிலும் இருந்திருக்காது. ஆனால் அதற்கென்று ஓர் அறையோ, பொதுக்குழுவோ, ஒருவர் போனால் அடுத்தவர் உட்காரும் நாற்காலியோ இல்லை. தமிழ்நாட்டுச் சிற்றிதழ்க் குழுக்களின் ஆயுள் ஏன் குறைவு என்று கேட்பவர்கள் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

இனி மறுப்புகள். முதலாவது, அரசியல். வாசகசாலைகள் கட்சிக்காரர்களின் பிடியில் இருக்கின்றன, நூலக மன்றத் தேர்தல் கட்சித் தேர்தலாகவே நடக்கிறது என்பார்கள். இதில் பெரும்பகுதி உண்மை, இடதுசாரிகளின் செல்வாக்கு அங்கே ஊரறிந்தது. ஒரு கட்சியின் பிடியில் உள்ள வாசகசாலை எந்தப் புத்தகத்தை வாங்கும், எதை வாங்காது என்ற கேள்வி நியாயமானது. ஆனால் மாற்று என்ன? அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்குவதில் அரசியல் கலக்கவில்லை என்று தமிழ்நாட்டில் எந்தப் பதிப்பாளராவது சொல்லிக் கேட்டதுண்டா? வாசகசாலையில் பிடிக்காத செயலாளரை அடுத்த பொதுக்குழுவில் மாற்றலாம், நூறு பேர் புதிதாக உறுப்பினராகி எழுந்து நின்றால் போதும். துறைச் செயலாளரை வாசகர் மாற்ற முடியாது. கட்சி கலப்பது குறைதான், அதைத் திருத்தும் வழியும் அதே அமைப்புக்குள் இருக்கிறது என்பதால் அந்தக் குறையோடு வாழலாம் என்பது என் கருத்து.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது, அதற்கு முழு விடை என்னிடம் இல்லை. மாலை நேர வாசகசாலை நெடுங்காலம் ஆண்களின் இடமாகவே இருந்தது. நாடக மேடைக்கு வந்த முஸ்லிம் பெண்ணான நிலம்பூர் ஆயிஷாவின் மீது கல் விழுந்தது. மஞ்சேரியில் நடித்துக்கொண்டிருந்தபோது அவரை நோக்கித் துப்பாக்கியும் வெடித்தது. ஊர் கூடும் இடம் என்றால் ஊரின் கட்டுப்பாடும் உடன் வரும். பெண்கள் வீட்டு வாசலிலேயே புத்தகத்தைப் பெற்றுக்கொள்ளும் திட்டத்தை நூலக மன்றம் பின்னாளில் நடத்தியது உண்மை. ஆனால் புத்தகம் வீட்டுக்குப் போவதும் பெண் செயலாளர் நாற்காலியில் உட்காருவதும் ஒன்றல்ல. இந்தக் கணக்கில் கோழிக்கோடு இன்னும் கடன்பட்டே நிற்கிறது.

மூன்றாவதாக, எழுத்தறிவு. கேரளத்தில் எல்லாரும் படித்தவர்கள், அதனால் வாசகசாலை செழித்தது என்பார்கள். காலவரிசை இதற்கு இடம் கொடுக்கவில்லை. 1930-களின் மலபாரில் படித்தவர்கள் சிறுபான்மை. ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட இடமாகத்தான் வாசகசாலை தொடங்கியது. கோழிக்கோட்டுக் கடற்கரையில் 2016 முதல் நடக்கும் கேரள இலக்கிய விழாவின் கூட்டத்தைக் காட்டி, இனி அதுதான் வழி என்று வாதிடுவாரும் உண்டு. பதிப்பகம் ஒன்றின் அறக்கட்டளை நடத்தும் அந்த விழா நல்ல விழா. ஆண்டில் சில நாட்களே அது நடக்கும். மற்ற நாட்களில் கதவு திறக்க வேறு ஆள் வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்த மரபே இல்லை என்று சொல்வது வரலாற்றுப் பிழை. 1940, 50-களில் திராவிட இயக்கத்தின் படிப்பகங்கள் தெருத்தெருவாக இருந்தன, பொதுவுடைமைக் கட்சிக்கும் இருந்தன. முடிதிருத்தும் கடையும் தேநீர்க் கடையும் அவற்றின் கிளைகள் போலவே இயங்கின. ஆட்சி கைக்கு வந்த பிறகு படிப்பகத்தால் கட்சிக்கு ஆக வேண்டிய காரியம் குறைந்தது. கூடும் பழக்கம் ரசிகர் மன்றத்துக்கு இடம்பெயர்ந்தது என்பது என் கணிப்பு. எது நிலைத்தது என்று பார்த்தால் மதுரைத் தமிழ்ச் சங்கம் 1901 முதல் இருக்கிறது, தஞ்சையில் கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1911 முதல் இருக்கிறது. இரண்டுக்கும் சொந்த இடம் உண்டு. சொத்து இருந்தால் வழக்கும் வரும் என்று எதிர்வாதம் செய்யலாம். வரட்டும், வழக்கு போட்டுக் காப்பாற்றும் அளவுக்காவது ஏதோ மிஞ்சியிருக்கிறது. வாடகை மண்டபத்தில் நூல் வெளியீடு நடத்திவிட்டு, நாற்காலிக்கும் ஒலிபெருக்கிக்கும் கணக்குத் தீர்த்துவிட்டுக் கலையும் எத்தனையோ இலக்கிய வட்டங்களிடம் தீர்மானப் புத்தகம்கூட மிஞ்சவில்லை.

புதுக் கட்டடம் கேட்டு அரசிடம் மனு போட வேண்டிய அவசியம் தமிழ்நாட்டில் இல்லை. இங்கே 4,600-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன, நூலக வரியும் கேரளத்தைவிடக் கூடுதலாகவே, ரூபாய்க்குப் பத்துக் காசு, வசூலாகிறது. பல கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற பெயரில் ஒரு குழுவும் பதிவேட்டில் உண்டு. இல்லாதது ஒன்றுதான்: வேலை நேரம் முடிந்த பிறகு அந்தக் கட்டடத்தைத் திறக்கும் உரிமை வாசகர் வட்டத்துக்குக் கிடையாது. ஊழியர் வீட்டுக்குப் போன பின் மாலை ஏழு முதல் ஒன்பது வரை, தேர்ந்தெடுத்த செயலாளர் ஒருவர் கையொப்பமிட்டுச் சாவி வாங்கும் ஏற்பாட்டுக்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது, துறையின் ஓர் ஆணை போதும். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் இருக்கிறதா, அதன் தலைவர் யார், கடைசியாக எப்போது கூடியது என்று இந்த வாரம் விசாரித்துப் பாருங்கள். இல்லையென்றால் பத்துப் பேராகச் சேர்ந்து மாவட்ட நூலக அலுவலருக்கு எழுத்து மூலம் கேளுங்கள்.