அறுவை சிகிச்சைக்குக் காப்பீடு உண்டு, கண்டறிவதற்கு?

புது தில்லி: 2018 செப்டம்பர் 23-ஆம் தேதி ராஞ்சியில் தொடங்கப்பட்ட "ஆயுஷ்மான் பாரத்" காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவமனைச் செலவை அரசு ஏற்கிறது. மகாதமனி அறுவை சிகிச்சைகளும் அதில் அடங்கும். ஆனால், அந்நோயைக் கண்டறிய புறநோயாளியாக வந்து செய்துகொள்ளும் எக்கோ பரிசோதனைக்கு அத்திட்டத்தில் இடமில்லை. இந்த முரண்பாடு உயிரைப் பறிக்கக் கூடியது.

இதயத்திலிருந்து மகாதமனி புறப்படும் வாயிலில் உள்ள வால்வுக்கு இயல்பாக மூன்று இதழ்கள். நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, பிறவியிலேயே இரண்டு இதழ்கள்தான். பிறவி இதயக் கோளாறுகளில் மிகப் பரவலானது இதுவே. பலருக்கு நடுத்தர வயது வரை எந்த அறிகுறியும் தெரிவதில்லை.

இத்தகையோர் பலரிடம் மகாதமனிச் சுவரும் நலிவடைகிறது. சுவரின் நடு அடுக்கிலுள்ள எலாஸ்டின் நார்களே, ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்கும் ஆற்றலை அதற்கு அளிக்கின்றன. அந்நார்கள் துண்டு துண்டாகின்றன. அவற்றைப் பேணும் தசைச் செல்கள் மடிகின்றன. திசுவைச் சிதைக்கும் நொதிகள் மிகுகின்றன. தளர்ந்த சுவர் பலூன் போல் புடைக்கிறது. அது கிழிந்தால் மருத்துவமனையை எட்டும் முன்பே உயிர் பிரிவதும் உண்டு.

வால்வின் வடிவம்தான் சுவரைக் கெடுக்கிறதா, அல்லது இரண்டுக்கும் மரபணுவே காரணமா என்ற வாதம் நெடுங்காலமாக நீடிக்கிறது. இரு இதழ்களுக்கிடையே பாயும் ரத்தம் சாய்வாகச் சென்று சுவரின் ஒரு பக்கத்தைத் தாக்குகிறது. அப்பக்கத்திலேயே சிதைவு மிகுதி என்கிறது ஒரு தரப்பு. வால்வை மாற்றிய பின்னரும் சிலருக்கு வீக்கம் வளர்கிறதே, வால்வு இயல்பாக உள்ள உறவினருக்கும் அது வருகிறதே என்பது மறுதரப்பின் கேள்வி. இரண்டிலும் உண்மை உண்டு என்பதே இன்று பெரும்பாலோரின் கருத்து. நாடாளுமன்ற விவாதங்கள் இவ்வளவு நாகரிகமாக முடிவதில்லை.

வீக்கத்தின் விட்டம் 5.5 சென்டிமீட்டரை எட்டினால் அறுவை சிகிச்சை. குடும்பத்தில் மகாதமனி கிழிந்த வரலாறு போன்ற கூடுதல் ஆபத்து இருப்பின் 5 சென்டிமீட்டரிலேயே பரிசீலிக்கலாம். அளந்து பார்த்தால்தானே அளவு தெரியும்! நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருக்கும் எக்கோ தேவை என மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். தந்தைக்கு இலவச அறுவை சிகிச்சை கிடைக்கும் அதே குடும்பத்தில், மகன் தன் பரிசோதனைக்குத் தனியாரிடம் பணம் கட்ட வேண்டும். அல்லது அரசு மருத்துவமனை வரிசையில் காத்திருக்க வேண்டும்.

குழந்தைகளின் பிறவிக் குறைகளைக் கண்டறிய 2013-இல் தேசியத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. முணுமுணுப்பு ஒலி கேட்டால் சந்தேகம் எழும். இளம் வயதில் ஓசையின்றி இயங்கும் ஈரிதழ் வால்வு அதில் எளிதில் தப்பிவிடும்.

தொழில்நுட்பத்தில் நாடு பின்தங்கியிருக்கவில்லை. 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய செயற்கை வால்வு, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

2024 அக்டோபரில், 70 வயதைக் கடந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி ஆயுஷ்மான் பாரத் நீட்டிக்கப்பட்டது. புறநோயாளிப் பரிசோதனைகள் அப்போதும் சேர்க்கப்படவில்லை.