பூனைக்குட்டிக்கு அரைக் கட்டணம் போதாது

ரயிலில் ஐந்து வயது நிறைந்து பன்னிரண்டு நிறையாத குழந்தைக்குத் தனி இடம் வேண்டாமென்றால் அரைக் கட்டணம். ரயில்வே உத்தியோகத்தில் இருப்பதாலோ என்னவோ, 'சிறியதற்குப் பாதி' என்னும் அந்தக் கணக்கை என் வீட்டுப் பூனைக்குட்டியின் தட்டிலும் போட்டுவிட்டேன். அது எத்தகைய பிழை என்பதை, குட்டி நொண்டத் தொடங்கிய பிறகே உணர்ந்தேன். மற்றவர்களும் அப்பிழையைச் செய்யாதிருக்கும் பொருட்டே இதனை எழுதுகிறேன்.

வடகரப்பதியில் நம்மவர் வீடுகளில் பூனை வெறும் செல்லப்பிராணி அன்று. நிலக்கடலை மூட்டைகளை எலியிடமிருந்து காக்கும் காவலாள். அந்தக் காவலாளுக்கு நாம் தரும் கூலியோ பெரும்பாலும் பால்சோறுதான். நாய் சோற்றோடு ஒருவாறு காலந்தள்ளும். பூனை அவ்வாறு வாழ இயலாது. இறைச்சியிலுள்ள 'டாரின்' என்னும் சத்தைப் பூனையின் உடல் போதிய அளவு தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. அது குறைந்தால் விழித்திரை கெடும் என்று 1975-லும், இதயத் தசை தளரும் என்று 1987-லும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டினர். சோற்றில் அச்சத்து இல்லை. கோழியின் இதயத்திலும் தொடைக்கறியிலும் மிகுதியாக உண்டு.

இதைக் கேள்வியுற்று, எலும்பு நீக்கிய கோழிக்கறியைப் பச்சையாகவே கொடுத்துவந்தேன். மூன்று கிலோ எடையுள்ள தாய்க்கு 90 கிராம்; இரண்டு மாதக் குட்டிக்கு 45 கிராம். ஒரு மாதம் கழிந்தது. குட்டி பின்காலை இழுத்து நடந்தது. ஒரு நாள் திண்ணையிலிருந்து குதித்ததில் கால் எலும்பு முறிந்தது. பரிசோதித்த கால்நடை மருத்துவர், "அளவும் தவறு, கலவையும் தவறு" என்றார்.

முதலில் அளவு. வளர்ந்த பூனைக்கு ஒரு நாளைக்கு அதன் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு போதும். இரண்டு மாதக் குட்டிக்கோ நூற்றுக்குப் பத்துப் பங்கு வேண்டும். நான்கு மாதத்தில் எட்டு. ஆறு மாதத்தில் ஐந்து. கணக்கிட்டுப் பாருங்கள். 900 கிராம் குட்டிக்கு 90 கிராம்; அதாவது தாய் உண்ணும் அதே அளவு! நான்கு மாதத்தில் 1,800 கிராம் எடை இருந்தால் ஏறக்குறைய 145 கிராம். தாயினும் ஒன்றரை மடங்குக்கு மேல். இரண்டு மாதத்தில் நான்கு வேளையாகவும், நான்கு மாதத்தில் மூன்று வேளையாகவும், பின்னர் இரண்டு வேளையாகவும் பிரித்துத் தரலாம். பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கமான அளவைப்போல் இரு மடங்கு, சில வேளை மும்மடங்கும் வேண்டியிருக்கும்.

இவை தொடக்கக் கணக்கே. வாரம் ஒரு முறை குட்டியை நிறுத்துப் பாருங்கள். வாரத்துக்குச் சுமார் 100 கிராம் ஏறினால் கணக்குச் சரி. ஏறாவிட்டால் உணவைக் கூட்டவேண்டும்.

அடுத்தது கலவை. எலியைப் பிடிக்கும் பூனை தசையோடு எலும்பையும் ஈரலையும் இதயத்தையும் சேர்த்தே தின்கிறது. வெறுந்தசையில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அதனால் குட்டியின் உடல் தன் எலும்பையே கரைத்துக்கொள்கிறது. ஆகவே, ஒரு கிலோ கலவையில் இதயமும் தசையும் 800 கிராம், அரைத்த பச்சைக் கோழியெலும்பு 100, ஈரல் 50, சிறுநீரகம் முதலிய பிற உறுப்புகள் 50 என்பது பச்சை உணவு கொடுப்போரின் வழக்கம். எலும்பு சேர்க்காதவர்கள், கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி முட்டையோட்டுப் பொடியை நைசாக அரைத்துக் கலக்கலாம். ஈரலை மிகுதியாகக் கொடுத்தால் வைட்டமின் 'ஏ' மிஞ்சி எலும்புகளைக் கெடுக்கும். வேகவைத்த எலும்பு குடலைக் கிழிக்கும். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்பு பூனைக்கு நஞ்சு.

நிற்க. பச்சைக் கறியில் அபாயமும் உண்டு. சால்மனெல்லாக் கிருமி பூனையை மட்டுமன்றி, அதே அடுக்களையில் புழங்கும் நம் குழந்தைகளையும் தாக்கும். குளிர்ப்பெட்டியில் உறைய வைத்தாலும் அது மடியாது. ஆலப்புழையில் 2014-இல் வாத்துகளைக் கொன்ற பறவைக் காய்ச்சல் கேரளத்தில் பின்னரும் பலமுறை தலைகாட்டியது. 2025-இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாராவில் வீட்டுப் பூனைகளிடமே அந்நோய் கண்டறியப்பட்டது.

ஆதலால் மருத்துவர் சொற்படி இப்போது நான் செய்வது இதுவே: எலும்பில்லாக் கறியையும் இதயத்தையும் சிறிது ஈரலையும் பச்சையாக நிறுத்து, சிறிதளவு நீரில் வேகவைத்து, ஓட்டுப்பொடி கலந்து, வெந்த நீரையும் கொட்டிவிடாமல் சேர்த்துக் கொடுக்கிறேன், டாரின் அந்நீரில் இறங்கிவிடுமாதலால். ஆயினும் வீட்டுக் கலவையில் வேறு சில சத்துக்கள் குறையக்கூடும். குட்டி வளர்ப்போர் தங்கள் கலவையை மருத்துவரிடம் ஒரு முறை சொல்லிக் கேட்டுக்கொள்வது நலம்.

என் குட்டி பிழைத்தது. இன்றும் சற்றே சாய்ந்துதான் நடக்கிறது. ஆனால் கடலை மூட்டைக் காவலை விடவில்லை. அதன் நடையைக் காணும்போதெல்லாம், நான் தவறாகப் போட்ட கணக்கு நினைவுக்கு வருகிறது.