முதலாண்டும் ஒரு வாக்கும்

பள்ளிக்கூடம் ஒன்றின் நூற்றாண்டுக்கு மலர் வெளியிடுவோர் பலர். அதன் முதலாண்டைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. நூற்றாண்டு மலரிலே அதிபர்களின் படங்கள் வரிசையாக இருக்கும். பெரியோர்களின் ஆசிச் செய்திகள் இருக்கும். முதலாண்டுக்கோ படமும் இல்லை, ஆசிச் செய்தியும் இல்லை. ஆயினும், ஒரு பள்ளிக்கூடம் ஊரிலே வேரூன்றுமா, அன்றி வெறுங்கட்டடமாய் நிற்குமா என்பது பெரும்பாலும் அந்த ஓராண்டிலேயே தீர்ந்துவிடுகின்றது. இதனை நான் ஏட்டிலே படித்து எழுதவில்லை. என் பிழையினாலே கற்றுக்கொண்டு எழுதுகின்றேன்.

உடையார்கட்டிலே, பரந்தன் – முல்லைத்தீவு வீதிக்கு அண்மையில், என் மகளின் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றேன். காலையிலே வெள்ளைச் சீருடையணிந்த பிள்ளைகள் துவிச்சக்கர வண்டிகளில் போகின்றார்கள். வெள்ளிக்கிழமை மாலையிலே, தோளிலே பையுடன் இளம் ஆசிரியர்கள் சிலர் யாழ்ப்பாணம் செல்லும் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கின்றார்கள். அவர்களைக் காணும்போதெல்லாம் 1973ஆம் ஆண்டு என் முன்னே வந்து நிற்கின்றது.

அதனைச் சொல்லுமுன், வன்னிக்குப் பள்ளிக்கூடம் வந்த வரலாற்றைச் சிறிது சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்திலே அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கியது 1823இல். உடுவிலிலே பெண்களுக்கென விடுதிப் பாடசாலை எழுந்தது 1824இல். ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தது 1848இல். வட்டுக்கோட்டையிலே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களும் கறோல் விசுவநாதபிள்ளை அவர்களும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாய் விளங்கினர். அந்நாளிலே வன்னிப் பெருநிலத்தின் பெரும்பகுதி காடாகவும், தூர்ந்த குளங்களாகவும், மலேரியாக் காய்ச்சலின் உறைவிடமாகவும் கிடந்தது. குளங்கள் திருத்தப்பட்டுக் குடியேற்றங்கள் வந்த பின்னரே பள்ளிக்கூடங்கள் வந்தன. 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நாட்டுக்குக் கிடைத்தது. ஆனாற் கட்டணம் இல்லாத கல்வி வேறு, கைக்கெட்டும் கல்வி வேறு. ஐந்தாம் வகுப்புக்குமேற் படிக்கப் பல கட்டை தூரம் போகவேண்டிய பிள்ளைக்கு இலவசம் என்ற சொல்லாற் பயன் யாது?

அத்தகைய பிள்ளைகளுக்காக, இப்பகுதிக் குடியேற்றக் கிராமம் ஒன்றிலே மேல்வகுப்புகள் திறக்கப்பட்டபோது, இருபத்திரண்டு வயதுடைய நான் கணித ஆசிரியனாக அங்கே அனுப்பப்பட்டேன். கிராமத்தின் பெயரும் பள்ளிக்கூடத்தின் பெயரும் இங்கு வேண்டா. கிடுகு வேய்ந்த நீண்ட கொட்டகை ஒன்று, அரைச்சுவர், இரண்டு கரும்பலகைகள். தலைமை ஆசிரியரோடு சேர்ந்து ஆசிரியர் நால்வர். ஊரவர் காட்டுத்தடி வெட்டி, கிடுகு பின்னி, ஒரு மாதத்துக்குள் அந்தக் கொட்டகையை எழுப்பியிருந்தனர். திறப்புநாளிலே பொங்கலும் வாழைப்பழமும் வழங்கி, “இனி இது மகா வித்தியாலயமாய் வரும்” என்று முதியவர் ஒருவர் சொன்னபோது எல்லாரும் கைதட்டினோம்.

தை மாதத்திலே வகுப்பு நிறைந்திருந்தது. மாசியிலே காலபோக அறுவடை வந்தது. பாதி வாங்குகள் வெறுமையாயின. அறுவடை முடிந்து சூடடிப்பும் ஓய்ந்தபின் பிள்ளைகள் திரும்பினர். பிறகு மிளகாய்க் காலம் வந்தது. அந்நாளிலே வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் நாட்டுக்குள் வருவது கட்டுப்படுத்தப்பட்டிருந்தமையால் செத்தலுக்கு நல்ல விலை இருந்தது. விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களிலே படித்த வாலிபர்கள்கூடத் தோட்டஞ்செய்து கையிலே காசு கண்ட காலம் அது. பழம் பிடுங்கும் நாளிலே வீட்டிலுள்ள ஒவ்வொரு கையும் காசாகும். இரவிலே பன்றிக்காவலுக்குக் கொட்டிலிற் படுத்த பையன் காலையிலே கணக்குப் பாடத்தில் தூங்கி விழுவான். அவனை அடிக்க எனக்கு மனம் வந்ததில்லை. ஊர் வறுமையினாலே படிப்பை மறுத்தது என்று சொல்வது எளிது. நான் கண்டதோ வேறு. அவர்களுக்குப் பள்ளிக்கூடத்தின்மீது ஆசை இருந்தது, நம்பிக்கைதான் இருக்கவில்லை.

ஏழாம் வகுப்பிலே ஒரு சிறுமி இருந்தாள். பின்னக் கணக்கை மனத்தாலேயே செய்து, நான் கரும்பலகையில் எழுதி முடிக்குமுன் விடை சொல்லிவிடுவாள். மிளகாய்க் காலத்திலே மூன்று வாரம் அவளைக் காணவில்லை. ஒருநாட் பின்னேரம் அவள் தந்தையைத் தேடித் தோட்டத்துக்குப் போனேன். அவர் துலாவடியிலே நின்றார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பின்பு சொன்னார்:

“தம்பி வாத்தியார், நான் பிள்ளையை விடுறன். ஆனா நீங்கள் இஞ்ச நிப்பியளோ? அங்கால பள்ளிக்கூடத்துக்கு வந்தவையும் இப்பிடித்தான் வீடு வீடா வந்து கேட்டவை. ஒரு வருஷத்தால ஆளைக் காணேல்லை. பிள்ளை அரைகுறையா நிக்குது. தோட்டமும் தெரியாது, படிப்பும் தெரியாது.”

“நிப்பன் ஐயா” என்றேன்.

பொய் சொல்லவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கணத்திலே அது மெய்யாகவே என் வாயில் வந்தது. மறுநாட் சிறுமி வகுப்புக்கு வந்தாள். அவளைத் தொடர்ந்து, தோட்டத்தில் நின்ற வேறு ஐந்தாறு பிள்ளைகளும் வந்தார்கள். அந்த ஆண்டு முடியும்வரை வரவு நன்றாயிருந்தது. மார்கழியிலே காய்ச்சல் என்னைப் பிடித்தது. தாயார் ஊரிலிருந்து கடிதத்தின்மேற் கடிதம் எழுதினார். இடமாற்றத்துக்கு விண்ணப்பித்தேன், தெரிந்தவர் ஒருவர் உதவினார், கிடைத்தது. தை பிறந்து வகுப்புத் தொடங்கியபோது நான் யாழ்ப்பாணத்திலே, ஓட்டுக் கூரையுள்ள பள்ளிக்கூடம் ஒன்றிலே பாடஞ்சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனையிறவைக் கடந்து பஸ் வந்தபோது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது என்பதையும் இங்கே மறையாது எழுதிவிடுகின்றேன்.

பல ஆண்டுகளின் பின், மருதனார்மடத்து இராமநாதன் கல்லூரியின் தொடக்கத்தைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. சைவப் பெண்களின் கல்விக்காகச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் அக்கல்லூரியை 1913இல் திறந்தபோது, அதன் முதல் தலைவியாய் அமர்ந்தவர் புளோரன்ஸ் பார் என்னும் ஆங்கில மாது. இலண்டன் நாடக மேடையிலே புகழ்பெற்றவர். பேர்னாட் ஷாவுக்கும் கவிஞர் யேற்ஸுக்கும் நண்பர். 1912இல், தமது ஐம்பத்திரண்டாம் வயதிலே, எல்லாவற்றையும் விட்டு இலங்கைக்கு வந்தார். அறியாத மொழி, பழகாத வெயில், நாற்சார் வீட்டைத் தாண்டியறியாத பெண்பிள்ளைகள். இவையே அவருக்கு வாய்த்த முதலாண்டு. அவர் திரும்பிப் போகவில்லை. 1917இல் புற்றுநோயினாற் கொழும்பிலே காலமானார். பின்னாளில் யேற்ஸ் 1920இல் இயற்றிய ‘ஆல் சோல்ஸ் நைற்’ என்னும் கவிதையிலே அவரை நினைவுகூர்ந்திருக்கின்றார். கடல் கடந்து வந்த ஒருத்தி யாழ்ப்பாணத்திலே நின்றாள். ஆனையிறவு கடந்து போன நான் வன்னியிலே நிற்கவில்லை. அப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் இருந்தேன்.

வன்னிப் பள்ளிக்கூடங்கள் இதன்பின் கண்டவற்றை நாடறியும். 2009 ஜனவரி 21ஆந் திகதி அறிவிக்கப்பட்ட முதலாவது பாதுகாப்பு வலயத்தினுள் இந்த உடையார்கட்டும் அடங்கியிருந்தது. அறிவிப்பு இருந்தும் எறிகணைகள் விழுந்தன. சனங்கள் கிழக்கே கிழக்கே நகர்ந்து, மே மாதத்திலே முள்ளிவாய்க்கால் வரை போய், எஞ்சியோர் வவுனியாவின் மெனிக் பாம் முகாம்களை அடைந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டிலே உயர்தரப் பரீட்சை அம்முகாம்களில் இருந்த பிள்ளைகளுக்கும் நடத்தப்பட்டது. 2012 செப்டம்பரிலே மெனிக் பாம் மூடப்பட்டது. ஊர் திரும்பியவர்கள் காடு மண்டிய வளவுகளைத் துப்புரவாக்கியபோதே பள்ளிக்கூடங்களும் மீண்டும் திறந்தன. பழைய பள்ளிக்கூடம் ஒவ்வொன்றுக்கும் அது இன்னொரு முதலாண்டு.

ஓய்வுபெற்ற பின் மகளோடு இங்கு வந்தேன். ஒருநாள் சந்தையிலே, தலைநரைத்த பெண்ணொருத்தி என்னை உற்றுப் பார்த்து, “சேர், என்னைத் தெரியுதோ?” என்றாள். தெரியவில்லை. தந்தையின் பெயரைச் சொன்னாள்; தெரிந்தது. என்ன பேசுவதென்று அறியாது, “எதுமட்டும் படிச்சனீர்?” என்று கேட்டேன்.

“உங்களுக்குப் பிறகு கணக்குப் படிப்பிக்க ஒருத்தரும் வரேல்லை, சேர். அடுத்த வருஷம் ஐயா மறிச்சுப்போட்டார்” என்றாள்.

அவள் குரலிலே குற்றச்சாட்டு இல்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வதைப் போலச் சொன்னாள். அடுத்த நிமிடமே என் மனைவியின் சுகத்தை விசாரித்தாள். அவளுடைய கடைசி மகள் 2009இலே மெனிக் பாமிலிருந்து உயர்தரப் பரீட்சை எழுதியவள் என்றும், இப்பொழுது ஆசிரியை என்றும், வேறிடம் கிடைத்தும் இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தையே கேட்டு வாங்கினாள் என்றும் சொன்னாள். தாய்க்கு ஆசிரியன் நிற்கவில்லை. மகள் மற்றவர் பிள்ளைகளுக்காக நிற்கின்றாள். எனக்குக் கண் கலங்கிற்று.

பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் அந்த இளைஞர்களை நான் குறைகூறவில்லை. தங்குவதற்கு நல்ல விடுதியும், நோய்க்கு மருந்தும், அவர்களுடைய பிள்ளைகளுக்கும் நல்ல பள்ளிக்கூடமும் இல்லாத இடத்திலே ‘நில்’ என்று மட்டும் சொல்வது நீதியன்று. கொட்டகைக்குக் கிடுகு பின்னிய ஊர், ஆசிரியனுக்கு ஓர் அறையும் கட்டியிருந்தால் நான் நின்றிருப்பேனோ, அறியேன். ஆனால், புதிய பள்ளிக்கூடம் திறப்போர் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும் அன்றே ஆசிரியர் விடுதிக்கும் நாட்டவேண்டும் என்பதை அறிவேன்.

அந்தப் பெண்ணின் பேத்தி இப்பொழுது ஏழாம் வகுப்பு. பின்னேரங்களிலே வேறு நான்கு பிள்ளைகளோடு இந்தத் திண்ணைக்கு வருகின்றாள். பின்னக் கணக்கு அவளுக்கும் விரைவாகவே வருகின்றது. எத்தனை காலம் படிப்பிப்பேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் வாக்கொன்றும் கொடுக்கவில்லை. நான்கு மணியானதும் கரும்பலகையைத் துடைத்துவிட்டு இருக்கின்றேன்.