‘ஒரு வாய் டீதானே!’ - ஆபரேஷனுக்கு முன்னால் மறைக்கக் கூடாதவை

இளம்பிள்ளையில் பொழுது விடிவதே தறிச் சத்தத்திலும் டீயிலும்தான். சேலைக்குப் பேர்போன அந்த ஊரில், தறி வைத்திருக்கும் வீட்டு அம்மா ஒருவருக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் என்று வைத்துக்கொள்வோம். சேலத்து ஆஸ்பத்திரியில் காலை 9 மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். ‘ராத்திரிக்கு மேல எதுவும் சாப்பிடக் கூடாது’ என்று நர்ஸ் சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஆனால், முப்பது வருடப் பழக்கம் விடுமா? 6 மணிக்கு ஒரு டம்ளர் டீ உள்ளே போய்விட்டது.

தியேட்டருக்குள் கூட்டிப்போகும் முன் மயக்க மருந்து டாக்டர் கேட்கிறார். “காலையில ஏதாச்சும் சாப்பிட்டீங்களாம்மா?”

அம்மா மகனைப் பார்க்கிறார். “ஒண்ணும் இல்லீங்க டாக்டர்” என்கிறான் மகன்.

அவன் பொய் சொல்வதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆபரேஷன் தள்ளிப்போனால் தறி இன்னொரு நாள் நிற்கும். கூலி போகும். துணைக்கு வந்த தங்கச்சி மறுபடி லீவு போட வேண்டும். இவ்வளவுக்கும் காரணம் ஒரு வாய் டீதானே?

அந்த ஒரு வாய் டீ என்ன செய்யும்? விழித்திருக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே எதுக்களித்து வந்தால் இருமுவோம், விழுங்குவோம். தொண்டை நம்மைக் காப்பாற்றிவிடும். முழு மயக்கத்தில் அந்தக் காவல் கிடையாது. வயிற்றிலிருக்கும் உணவும் அமிலமும் நேராக நுரையீரலுக்குள் இறங்கலாம். நியூயார்க்கைச் சேர்ந்த கர்ட்டிஸ் மெண்டல்சன் என்ற டாக்டர் 1946-ல் இதை விரிவாக எழுதினார். 44,016 பிரசவங்களின் பதிவுகளை அலசியதில், 66 பெண்களுக்கு இப்படி நடந்திருந்தது. ‘ஆபரேஷனுக்கு முன் வெறும் வயிறு’ என்ற விதி அதன் பிறகுதான் உலகம் முழுக்க இறுகியது.

விதி இப்போது கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. வெறும் தண்ணீரை, பெரும்பாலானவர்கள் மயக்கம் கொடுப்பதற்கு 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், இட்லி போன்ற லேசான சாப்பாட்டுக்கு 6 மணி நேரம், பிரியாணி மாதிரி எண்ணெய்ச் சாப்பாட்டுக்கு 8 மணி நேரம் இடைவெளி வேண்டும். பால் தண்ணீர்க் கணக்கில் வராது, சாப்பாட்டுக் கணக்கில் வரும். நம் ஊர் டீயோ பாதி பால்!

மறுபக்கமும் உண்டு. மதியம் 2 மணி ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரியிலிருந்து குழந்தையைச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காயப்போடுவதும் தப்புதான். ‘எத்தனை மணி வரை தண்ணி கொடுக்கலாம்?’ என்று டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

‘இடுப்புல ஊசிதானே போடறாங்க, மயக்கம் இல்லையே’ என்று சமாதானம் செய்துகொள்வதும் நடக்கிறது. அந்த மரப்பு போதாமல் போனால் பாதியில் முழு மயக்கம் கொடுக்க வேண்டிவரும். அதனால் அங்கேயும் வெறும் வயிறுதான். விபத்தில் அடிபட்டு அவசரமாக வருபவருக்குக் காத்திருக்க நேரம் கிடையாது. ‘வயிறு நிறைய இருக்கு’ என்று தெரிந்தால், மூச்சுக்குழாயில் டியூபை வேகமாகப் போட்டுப் பாதையை அடைத்துவிடும் முறையை டாக்டர் எடுப்பார். அதற்கும் யாராவது உண்மையைச் சொல்ல வேண்டும்.

அடுத்து மாத்திரை. ‘ஃபிட்னஸ் வாங்கிட்டு வாங்க’ என்று அனுப்பும்போது, பலர் ஈசிஜி எடுத்து முடித்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போக வேண்டும். சர்க்கரைக்காக இப்போது பலரும் சாப்பிடும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை ஆபரேஷனுக்குச் சுமார் 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இல்லாவிட்டால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூடைட், டிர்செபடைட் ஊசிகள் இன்னும் புது விவகாரம். வயிறு காலியாவதையே இவை தாமதப்படுத்துகின்றன. ராத்திரி சாப்பிட்டது காலையிலும் உள்ளேயே இருக்கலாம். எடை குறைக்க ரகசியமாக ஊசி போடுகிறவர்கள் வீட்டில் சொல்லாவிட்டாலும் மயக்க டாக்டரிடமாவது சொல்லிவிட வேண்டும். எதையும் தானாக நிறுத்தவும் கூடாது.

கஞ்சமலைச் சித்தர் கோயிலைப் பக்கத்தில் வைத்திருக்கும் ஊருக்கு நாட்டு மருந்து புதிதல்ல. சில மூலிகைகள் ரத்தம் உறைவதை மாற்றும் என்பதால் அதுவும் பட்டியலில் வர வேண்டும். பீடி, புகையிலை, ஆடும் பல், பல்செட், முன்பு மயக்கம் கொடுத்தபோது வந்த தொந்தரவு எல்லாமும்தான். விரலில் மாட்டும் கிளிப், நகத்தின் வழியே வெளிச்சம் பாய்ச்சி ஆக்சிஜனை அளக்கிறது. ஜப்பானியரான டகுவோ அவோயாகி 1970-களில் கண்டுபிடித்த வழி அது. அடர்ந்த நிற நெயில் பாலிஷ் அந்தக் கணக்கைக் குழப்பலாம். சாயப் பட்டறைக்காரர்கள் நகத்தில் ஏறிய நிறத்தையும் காட்டிவிட்டால், வேறு விரலிலோ காது மடலிலோ மாட்டுவார்கள்.

‘பேரு என்ன, எந்தப் பக்கம் ஆபரேஷன், மருந்து ஏதும் ஒத்துக்காதா’ என்று ஆளாளுக்குக் கேட்கும்போது எரிச்சல் வருவது இயல்பு. அது மறதியால் கேட்கும் கேள்வி இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த சரிபார்ப்புப் பட்டியல் அப்படித்தான் கேட்கச் சொல்கிறது. மயக்கத்துக்கு முன், கத்தி வைக்கும் முன், தியேட்டரை விட்டு வெளியே வரும் முன் என மூன்று முறை நின்று சரிபார்ப்பார்கள். புதுடெல்லி உட்பட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது, மரணங்கள் 1.5 சதவிகிதத்திலிருந்து 0.8 சதவிகிதமாகக் குறைந்தன.

ஆபரேஷன் செய்த டாக்டரின் பெயர் தெருவுக்கே தெரிந்திருக்கும். மயக்கம் கொடுத்தவர் யார் என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது. சின்ன நர்சிங் ஹோம்களில் அவர் வெளியிலிருந்து வருபவராக இருப்பதும் சகஜம். ‘மயக்கம் யார் கொடுக்கறாங்க, முன்னாடியே பார்க்க முடியுமா, முடியும்வரை கூட இருப்பாங்களா?’ என்று கேட்பதில் மரியாதைக்குறைவு எதுவும் இல்லை.

அந்த இளம்பிள்ளை அம்மா ‘6 மணிக்கு டீ குடிச்சேன் டாக்டர்’ என்று சொல்லியிருந்தால், அவர் முதலில் கடிகாரத்தைப் பார்த்திருப்பார். அடுத்த கேஸை முன்னால் எடுத்துக்கொண்டு, இவரை மதியம் 12 மணிக்கு மேல் உள்ளே அழைத்திருக்கலாம். மிஞ்சிப்போனால் மறுநாள் காலை.