கைக்குள் அடங்கிய நாதம்

திருவிழாக் கடையில் குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கும் மௌத் ஆர்கனை நாம் விளையாட்டுச் சாமானாகவே எண்ணி வந்திருக்கிறோம். அவ்வெண்ணம் எத்துணை தவறு என்பதை அமெரிக்கக் கறுப்பு இளைஞர் ஒருவர் உலகுக்குக் காட்டினார். லிட்டில் வால்ட்டர் என்று பிரசித்தி பெற்ற அவருடைய இயற்பெயர் மரியன் வால்ட்டர் ஜேக்கப்ஸ்.

லூயிஸியானா மாகாணத்து மார்க்ஸ்வில்லில் பிறந்த அவர், சிறு வயதிலேயே படிப்பை விட்டு, ஊர் ஊராகச் சென்று வாசித்து வயிறு வளர்த்தார். தென்பகுதியின் நிறவேற்றுமைக் கொடுமையினின்றும் தப்பி, லக்ஷக்கணக்கான கறுப்பு மக்கள் பிழைப்புத் தேடி வடக்கே சென்ற காலம் அது. அவர்களுடைய துயரத்தில் பிறந்த 'ப்ளூஸ்' சங்கீதமும் உடன் சென்றது. 1940-களின் நடுவில் வால்ட்டர் சிக்காகோ சேர்ந்து, மாக்ஸ்வெல் தெருச் சந்தையில் வாசித்துக் கூட்டம் சேர்த்தார். பின்னர் மட்டி வாட்டர்ஸ் என்ற பெரிய வித்வானின் கோஷ்டியில் இடம் பெற்றார்.

மின்சாரக் கிதாரின் பேரொலிக்கு முன் மௌத் ஆர்கன் எடுபடவில்லை. வால்ட்டர் ஒரு சிறு மைக்கை வாத்தியத்தோடு சேர்த்து இரு கைகளுக்குள் பொத்திப் பிடித்து, அதை ஒலிபெருக்கியுடன் இணைத்தார். சப்தம் பெருகியது, கரகரப்பும் சேர்ந்தது. பிறர் குறையென்று ஒதுக்கும் அந்தக் கரகரப்பையே அவர் புதியதொரு நாதமாக்கினார். மூச்சை உள்ளிழுக்கும்போதே ஸ்வரத்தை வளைத்துக் குழைப்பார்; நமக்குக் கமகம் நினைவுக்கு வரும். ஸாக்ஸபோனோ என்று மயங்கவும் தோன்றும்.

1952 மே 12-ந் தேதி பதிவான அவருடைய 'ஜூக்', வாய்ப்பாட்டே இல்லாத இசைத்தட்டு. கறுப்பு மக்களின் சங்கீதத்துக்கென்று 'பில்போர்டு' பத்திரிகை தனியே வெளியிட்டு வந்த ஜாபிதாவில் அது 8 வாரம் முதலிடம் வகித்தது. சங்கீதத்திலுங்கூடத் தனிப் பந்தி! வால்ட்டர் மட்டி வாட்டர்ஸின் கோஷ்டியை விட்டு விலகி, இளம் வித்வான்கள் மூவருடன் சொந்தக் கோஷ்டி நடத்தலானார். 1955-ல் 'மை பேப்' என்ற பாட்டும் முதலிடம் பெற்றது.

ஆனால் மதுவும் முன்கோபமும் அவரை விடவில்லை. கைகலப்புகளில் உடல் சிதைந்தது, புகழும் மங்கியது. 1968 பிப்ரவரி 15-ந் தேதி, சிக்காகோவில் நடந்த ஒரு கைகலப்புக்குப் பின் காலமானார். 40 ஆண்டுகள் கழித்து, 2008-ல், 'ராக் அண்ட் ரோல்' கீர்த்தி மண்டபத்தில் அவருடைய பெயர் சேர்க்கப்பட்டது.

மூச்சை அவ்வளவு நுட்பமாக ஆண்டவருக்குக் கோபத்தை ஆள இயலாமற் போயிற்றே என்று நாம் வருந்துகிறோம். எனினும் அவரைக் குறை கூறுமுன், தெருவிலே வளர்ந்த அச்சிறுவனுக்கு அந்நாடு என்ன கொடுத்தது என்றும் கேட்க வேண்டும். நம் தெருக்களிலும் வாசித்துத் திரியும் சிறுவர் உண்டு. அடுத்த முறை காசு போடும்போது, சற்று நின்று செவியும் கொடுப்போமாக.