பணிவிடை செய்வோரின் மனமும் அமானிதமே!

இறைவன் மனிதனுக்கு அருளிய கொடைகளுள் நினைவாற்றல் தலையாயது. கற்றறிந்தவை யாவும் நழுவிப்போகும் தள்ளாத பருவத்தைத் திருமறை (16:70) சுட்டுகிறது. அத்தகைய முதுமையிலிருந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறைவனிடம் பாதுகாப்புத் தேடினார்கள்.

முதியோரின் நினைவை அழிக்கும் மறதி நோய், மூளையைத் தாக்கும் நோயாகும். 60 வயதைக் கடந்த இந்தியருள் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் இந்நோய் உள்ளதென 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

நோயுற்ற தாயார் சொந்த வீட்டிலிருந்துகொண்டே, “என் வீட்டுக்கு அழைத்துப் போ” என்பார். உணவூட்டிய கையையே திருட்டுக் கையென்பார். இரவெல்லாம் உறங்கார். உடனிருப்பவர் ஒருநாள் சலித்து ஒரு சொல் கடிந்துவிடுகிறார், பின்னர், “என் ஈமான் போயிற்றோ?” எனக் கலங்குகிறார்.

பெற்றோரை நோக்கி “சீ” என்பதையும் தடுக்கும் வசனத்தை (17:23) நாம் அறிவோம். அதைத் தொடரும் 25ஆம் வசனத்தையும் சிந்தியுங்கள். உள்ளத்தில் உள்ளதை இறைவன் அறிவான், மீளுவோரை மன்னிப்பான் என்பதே அதன் கருத்து. தீய நோக்கமின்றிப் பெற்றோரிடம் வாய்தவறியவரையே இது குறிக்கிறது என ஸயீத் இப்னு ஜுபைர் (ரஹ்) விளக்கினார்கள். சோர்வு வேறு, ஈமானின் குறைவு வேறு.

சித்தம் தெளியாதவர் மீது மார்க்கக் கடமை எழுதப்படுவதில்லை. ஆகவே தொழுகையை மறந்தாரென்றோ, தொழுததையே மீண்டும் தொழுகிறாரென்றோ நோயாளியைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

இரவும் பகலும் வணங்கிய அபூதர்தா (ரலி) அவர்களுக்கு, உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிமை உண்டென ஸல்மான் (ரலி) எடுத்துரைத்தார்கள். நபியவர்கள் அதனை உண்மையென ஏற்றார்கள். வணக்கத்திற்கே அளவுண்டெனில், பணிவிடைக்கு இராதா?

பெற்றோரைப் பேணுவது மக்களின் கடமை. மருமகள் செய்வது அவளது நற்குணம். அவள் ஒருத்தியின் தலையில் பாரமேற்றிவிட்டு, வெளியூரிலிருந்து பணம் அனுப்புவதோடு கடமை தீர்ந்ததென எண்ணலாகாது. உடன்பிறந்தோர் முறைவைத்து இரவுகளைப் பகிருங்கள். துஆவும் திக்ரும் நெஞ்சுக்கு உறுதி தரும். எனினும் உறக்கமின்மையும் துயரமும் நீடித்தால் மருத்துவரை நாடுவதும் நபிவழியே. அரசின் மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

பணிவிடை செய்யும் கரங்களுக்கு வலிமையையும், அவ்வுள்ளங்களுக்கு அமைதியையும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.